குல்லாய்க் குரங்கின் நடத்தையில் இயல்பூக்கமும் கற்றலும்

குல்லாய்க் குரங்கின் நடத்தையில் இயல்பூக்கமும் கற்றலும் என்பது, தீபகற்ப இந்தியாவில் மட்டும் வாழும் குல்லாய்க் குரங்கின் (நாட்டுக் குரங்கு) செயல்களில் எவை பிறவியிலேயே அமைந்தவை, எவை வாழ்நாளில் கற்றுக்கொள்ளப்படுபவை என்பது பற்றிய ஆய்வுப் பொருள் ஆகும். விலங்கு நடத்தையியலில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடைபெற்றுவரும் "பிறவியா, பழக்கமா" என்ற விவாதத்தின் ஒரு பகுதியாக இது அமைகிறது. இக்குரங்கு காட்டிலும் வாழ்கிறது, கோயில் நகரங்களிலும் வாழ்கிறது. ஒரே இனம் இரு வேறு சூழல்களில் வளர்வதால், பிறவிக் கூறுகளையும் பழக்கத்தால் வருவனவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க இது ஏற்ற விலங்காகக் கருதப்படுகிறது.

திருவண்ணாமலையில் அருணாசல மலையின் தென்புற அடிவாரத்தில் உள்ள இரமணாசிரமப் பகுதி, இவ்விவாதத்தை எளிதில் விளக்கக்கூடிய இடங்களில் ஒன்றாகும். அங்கு வரும் பயணிகள் குரங்கு நெகிழிப்பையைப் பறிப்பதையும், குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு தொங்குவதையும் ஒருசேரக் காணலாம். முன்னது கற்றல், பின்னது பிறவி என்று உடனே பிரித்துவிடத் தோன்றும். ஆய்வு முடிவுகள் அவ்வளவு எளிதாக இல்லை.

விவாதத்தின் பின்னணி

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா" என்ற பழமொழியும், "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்ற பழமொழியும் தமிழில் அருகருகே வழங்குகின்றன. முதலாவது இயல்பூக்கத்தையும் இரண்டாவது பழக்கத்தையும் முன்னிறுத்துகின்றன. அறிவியலில் இவ்விரு நிலைப்பாடுகளும் இரு எதிரெதிர்ப் பள்ளிகளாக வளர்ந்தன.

சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் இயல்பூக்கத்துக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை ஒதுக்கினார். உடலுறுப்பைப் போலவே நடத்தையும் இயற்கைத் தேர்வுக்கு உட்பட்டது என்பது அவரது கருத்து. அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1913இல் தொடங்கிவைத்த நடத்தைவாதம், கற்றலுக்கே முதன்மை அளித்தது. ஐரோப்பாவில் கொன்ராட் லோரன்சும் நிக்கோலாஸ் டின்பெர்கனும் இதற்கு எதிர்த் திசையில் சென்றனர். கூட்டிலிருந்து உருண்டு வெளியேறிய முட்டையைச் சாம்பல்நிறக் காட்டு வாத்து அலகால் உருட்டி மீட்கும் செயலை அவர்கள் 1938இல் விவரித்தனர். முட்டையை இடையில் எடுத்துவிட்டாலும் வாத்து அச்செயலை முடித்தே நிற்கும். ஒரு தூண்டலால் தொடங்கி, மாறாத ஒழுங்கில் நடந்துமுடியும் இத்தகைய செயல்களே இயல்பூக்கத்தின் அலகுகள் என லோரன்ஸ் கருதினார். இவ்விருவருக்கும், தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்த கார்ல் ஃபொன் ஃபிரிஷ்சுக்கும் 1973ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

லோரன்சின் கொள்கை மீதான கடுமையான விமர்சனம் 1953இல் அமெரிக்க விலங்கு உளவியலாளர் டேனியல் லேர்மனிடமிருந்து வந்தது. ஒரு விலங்கைத் தன் இனத்திடமிருந்து பிரித்து வளர்த்தாலும் அதன் நடத்தை தோன்றுகிறது என்பதால் அது பிறவி நடத்தை என்று முடிவுகட்ட இயலாது. எதிலிருந்து பிரித்தோம் என்பதே கேள்வி என்றார் அவர். தனியே வளர்க்கப்பட்ட விலங்கும் தன் உடலையும் தன் குரலையும் உணர்ந்துகொண்டுதான் வளர்கிறது. கில்பர்ட் காட்லீப் பின்னர் வாத்துகளில் செய்த சோதனைகள் இதற்கு நல்ல சான்றாயின. முட்டையிலிருந்து பொரிந்தவுடன் வாத்துக்குஞ்சு தன் இனத் தாயின் அழைப்பை நாடும். பொரிவதற்கு முன்னரே கருவின் குரலை அடக்கி, அது தன் குரலையோ உடன்பிறப்புகளின் குரலையோ கேட்காதபடி செய்தபோது, அத்திறன் குன்றியது. இயல்பூக்கம் என எல்லோரும் நம்பிய ஒன்றுக்குள் முட்டைக்குள்ளேயே நிகழும் அனுபவம் ஒளிந்திருந்தது.

டின்பெர்கன் இவ்விமர்சனத்தைப் பெரிதும் ஏற்றுக்கொண்டார். 1963இல் அவர் எழுதிய கட்டுரை, ஒரு நடத்தையைப் பற்றி நான்கு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும் என்றது. அதை உடலில் எது இயக்குகிறது, விலங்கின் வாழ்நாளில் அது எவ்வாறு உருவாகிறது, அதனால் என்ன பயன், படிவளர்ச்சியில் அது எவ்வாறு வந்தது என்பனவே அவை. ஒன்றுக்கான விடையை மற்றொன்றுக்கான விடையாக எடுத்துக்கொள்வதாலேயே பல வாதங்கள் முடிவின்றித் தொடர்கின்றன.

கணினித் துறையினர் இங்கு வன்பொருள், மென்பொருள் என்ற உவமையை விரும்பிக் கையாள்வர். இயல்பூக்கம் வன்பொருள், கற்றல் மென்பொருள் என்பது அதன் சாரம். இது பொருத்தமற்ற உவமை. மூளையில் நிரல் ஓட ஓட வன்பொருளே மாறுகிறது. எந்த நிரலை எளிதில் ஏற்பது என்பதும் முன்னரே ஓரளவு தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

குல்லாய்க் குரங்கு

தலை உச்சியிலிருந்து நாற்புறமும் படிந்து கிடக்கும் மயிர் குல்லாய் போலத் தோன்றுவதால் இக்குரங்கு இப்பெயர் பெற்றது. இதனை எத்தியேன் ஜொஃப்ருவா 1812இல் அறிவியல் முறைப்படி விவரித்தார். வடக்கே வாழும் ரீசஸ் குரங்கும், இலங்கையில் மட்டும் வாழும் செங்குரங்கும் இதே மக்காக்குப் பேரினத்தைச் சேர்ந்தவை. பெண் குரங்கான மந்தி பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுவதும் தங்கும். ஆண் குரங்கான கடுவன் வளர்ந்தபின் பெரும்பாலும் வேறு கூட்டத்துக்குச் சென்றுவிடும். ஆகவே ஊரின் சந்துபொந்துகள், நீர்நிலைகள், உணவு கிடைக்கும் நேரங்கள் ஆகியவை பற்றிய அறிவு மந்திகள் வழியாகத் தலைமுறைகளைக் கடக்க வாய்ப்புள்ளது.

இதன் சமூக வாழ்வு பற்றிய முறையான கள ஆய்வுகள் 1960களில் தொடங்கின. பால் சைமண்ட்ஸ் கருநாடகத்தில் செய்த ஆய்வு 1965இல் வெளிவந்தது. எச். ரகமான், எம். டி. பார்த்தசாரதி ஆகியோரின் ஆய்வுகளும் அப்பத்தாண்டில் வெளிவந்தவையே.

அருணாசல மலையில் பதிவான நிகழ்வுகள்

இரமண மகரிசி (1879–1950) 1896இல் திருவண்ணாமலைக்கு வந்தார். விருபாட்ச குகையிலும் பின்னர் கந்தாசிரமத்திலும் வாழ்ந்து, 1922இல் மலையடிவாரத்துக்கு வந்தபின் இன்றைய ஆசிரமம் உருவாயிற்று. மலையில் வாழ்ந்த காலத்தில் அவரைச் சுற்றிக் குரங்குக் கூட்டங்கள் இருந்தன. அவர் அவற்றைப் பற்றிக் கூறியவை அவரது வாழ்க்கை வரலாற்று நூல்களில், குறிப்பாக ஆர்தர் ஆஸ்போர்ன் 1954இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றுள்ளன.

அவற்றுள் நன்கு அறியப்பட்டது "நொண்டி" என்ற குரங்கின் கதையாகும். கூட்டத்தின் தலைவனால் கடிபட்டு, விருபாட்ச குகைக்கு அருகே விடப்பட்ட அக்குட்டியை அவர் பேணி வளர்த்தார். மனிதர் தொட்டு வளர்த்த குரங்கைக் கூட்டம் மீண்டும் சேர்த்துக்கொள்ளாது என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும் நொண்டியைக் கூட்டம் ஏற்றுக்கொண்டது என்றும், பின்னாளில் அதுவே தலைவனாயிற்று என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. அடியவர்கள் இதனை மகரிசியின் அருளோடு தொடர்புபடுத்துகின்றனர்.

நடத்தையியல் நோக்கில் இது ஒரு நிகழ்வுக் குறிப்பு ஆகும். இத்தகைய குறிப்புகளைக் கையாளும் முறை பற்றி லாயிட் மோர்கன் 1894இலேயே ஒரு நெறியை வகுத்தார். எளிய உளச் செயலால் விளக்கக்கூடிய ஒன்றை உயர்ந்த உளச் செயலால் விளக்கக்கூடாது என்பது அந்நெறி. அதன்படி நோக்கினால், கூட்டம் ஒரு குட்டியை ஒதுக்குவதற்கு மனித வாடை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சிலநாள் இல்லாமற் போனதால் அதன் இடம் பறிபோயிருக்கலாம். தாயின் ஆதரவு அற்றுப்போயிருக்கலாம். மக்காக்குக் குரங்குகளில் குட்டியின் தரநிலை பிறப்புரிமை போலத் தோன்றினாலும், சண்டைகளில் தாயும் உறவினரும் குறுக்கிட்டு உதவுவதாலேயே அது நிலைபெறுகிறது. யப்பானியக் குரங்குகளில் கவாய், கவமுரா ஆகியோர் இதனை 1958இல் எடுத்துக்காட்டினர். காலூனமுற்ற கடுவன் ஒன்று தலைமைக்கு வருவதும் இயற்கைக்கு மாறானதன்று. தலைமை என்பது உடல் வலுவால் மட்டும் கிடைப்பதன்று, கூட்டாளிகளாலும் கிடைக்கிறது.

எனினும் இக்குறிப்புகளை முற்றாக ஒதுக்குவதும் முறையன்று. தனித்தனிக் குரங்குகளை முகம் அறிந்து, பெயரிட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது என்ற முறையைத் தொழில்முறை ஆய்வாளர்கள் கையாளத் தொடங்கியது யப்பானில் 1948இல் தான். அருணாசல மலையில் குரங்குகள் பெயரிட்டு அழைக்கப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் முன்னர்.

பற்றிப் பிடித்தல்

குட்டி தாயைப் பற்றிக்கொள்வது ஐயத்துக்கு இடமில்லாத பிறவி நடத்தைகளுள் ஒன்றாகும். வைணவ மரபில் வடகலையார் கூறும் மர்க்கட நியாயம் இக்காட்சியையே அடிப்படையாகக் கொண்டது. குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றுவது போல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது அதன் பொருள். தென்கலையார் கூறும் மார்ச்சார நியாயத்தில் பூனையே குட்டியைக் கவ்விச் செல்கிறது. இரு விலங்குகளின் இயல்பூக்க வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கியவர்களே இவ்வுவமைகளை அமைத்திருக்க வேண்டும்.

ஹாரி ஹார்லோ 1958இல் வெளியிட்ட ஆய்வில், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ரீசஸ் குட்டிகள் பாலூட்டும் கம்பிப் பொம்மையைவிட மெத்தென்ற துணிப் பொம்மையையே பெரும்பாலான நேரம் பற்றிக்கொண்டிருந்தன. பற்றும் உந்துதல் பிறவியில் வந்தது. ஆனால் அவ்வாறு தனிமையில் வளர்ந்த பெண் குட்டிகள் பின்னர் தாயானபோது, அவற்றுட் பல தம் குட்டிகளைப் புறக்கணித்தன அல்லது தாக்கின. தாய்மை என்று நாம் இயல்பூக்கமாகக் கொள்ளும் ஒன்று, தாயோடும் தோழரோடும் வளரும் அனுபவமின்றி முழுமையாக உருவாகவில்லை. இச்சோதனைகள் விலங்குகளுக்கு இழைத்த துன்பத்துக்காகப் பின்னர் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன, அக்கண்டனம் நியாயமானதே.

சிறுத்தை ஆய்வுகள்

குல்லாய்க் குரங்கின் முதன்மையான கொன்றுண்ணிகளுள் சிறுத்தை ஒன்றாகும். இரமணர் மலையில் வாழ்ந்த காலத்தில் அங்குச் சிறுத்தைகள் நடமாடியதாக ஆசிரம நூல்கள் கூறுகின்றன. இன்று ஆசிரம வளாகத்தில் பிறந்து வளரும் குட்டிக்குச் சிறுத்தையைக் காணும் வாய்ப்பு மிகவும் அரிது. அப்படிப்பட்ட குரங்கு முதன்முறையாகச் சிறுத்தையைக் கண்டால் அஞ்சுமா? இக்கேள்வி திருவண்ணாமலையில் சோதிக்கப்படவில்லை. ஆனால் முதுமலையிலும் பெங்களூரிலும் சோதிக்கப்பட்டது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் காஸ், உமா இராமகிருஷ்ணன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் சிறுத்தையின் மாதிரி உருக்கள் பயன்படுத்தப்பட்டன. உணவிட்டு வரவழைக்கப்பட்ட குரங்குகளுக்கு இவ்வுருக்கள் மறைவிலிருந்து சிறிது நேரம் மட்டும் காட்டப்பட்டு, அவற்றின் எதிர்வினை படமெடுக்கப்பட்டது. உருக்களில் மஞ்சள் நிறத்தில் புள்ளிகள் கொண்டதும் இருந்தது, கருஞ்சிறுத்தையும் இருந்தது. சில வேளைகளில் அவை தலைகீழாகக் கவிழ்த்தும் காட்டப்பட்டன. புள்ளியுள்ள உருவே குரங்குகளை மிக வலுவாகத் திடுக்கிட வைத்தது. கருநிற உருவுக்கு எதிர்வினை குறைவு. கவிழ்த்துக் காட்டியபோதும் அறிதல் தடைப்பட்டது. ஆயினும் புள்ளிகள் இருந்தால் அத்தடை குறைந்தது. சிறுத்தை அனுபவமில்லாத நகர்ப்புறக் கூட்டங்களும் புள்ளியுள்ள உருவைக் கண்டு அஞ்சின என்பதே விவாதத்துக்கு முக்கியமான முடிவாகும். 2005இல் வெளிவந்த தொடர் ஆய்வில், உடலின் ஒரு பகுதியை மட்டும் புதரிலிருந்து நீட்டிக் காட்டியபோதும் புள்ளித் தோலே எச்சரிக்கையைத் தூண்டியது.

ஆகவே சிறுத்தையை அறிவதற்கான ஏதோ ஒன்று, கற்பிப்பாரின்றியே இக்குரங்கில் அமைந்துள்ளது எனக் கொள்வது பொருந்தும். காஸ் இதற்கு முன் கலிபோர்னியத் தரை அணில்களில் இதையொத்த ஒன்றைக் கண்டிருந்தார். பாம்புகள் நெடுங்காலமாக இல்லாத இடங்களில் வாழும் அணில் கூட்டங்களும் பாம்பை அடையாளம் கண்டு எச்சரிக்கையாக நடந்துகொண்டன. தேவை மறைந்த பின்னும் சில இயல்பூக்கங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கக்கூடும்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. அதே ஆய்வாளர்கள் எச்சரிக்கைக் குரல்களைப் பதிவுசெய்து ஒலிபரப்பிப் பார்த்தனர். வளர்ந்த குரங்கின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டுக் கூட்டம் ஓடியது. இளங்குரங்கின் குரலுக்கு வளர்ந்த குரங்குகள் அவ்வளவாக ஓடவில்லை. இளங்குரங்குகள் ஆபத்தில்லாதவற்றுக்கும் கத்துவதால் அவற்றின் குரல் நம்பத்தக்கதன்று என்பதை மூத்தவை அனுபவத்தில் அறிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விளக்கம். அஞ்சும் திறன் பிறவியில் வருகிறது. யார் சொன்னால் அஞ்ச வேண்டும் என்பது கற்றலால் வருகிறது.

பாம்பச்சம்

சிறுத்தையில் கிடைத்த விடை பாம்பில் அப்படியே கிடைக்கவில்லை. சூசன் மினேக்காவும் அவரது குழுவினரும் 1980களில் அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்தனர். காட்டில் வளர்ந்து பின் ஆய்வகத்துக்கு வந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சின. ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்தவை அஞ்சவில்லை. ஆகவே அச்சம் கற்றலால் வருவது என்று கூறிவிடலாம் போலிருந்தது. ஆனால் அஞ்சும் குரங்கொன்றைச் சில நிமிடங்கள் பார்த்தாலே ஆய்வகக் குரங்கும் அஞ்சத் தொடங்கியது. அவ்வச்சம் எளிதில் மறையவுமில்லை.

மைக்கேல் குக்கும் மினேக்காவும் 1989இல் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. குரங்கொன்று அஞ்சுவதைக் காட்டும் நிகழ்படத்தை வெட்டி ஒட்டி, அது பொம்மைப் பாம்பையோ பொம்மை முதலையையோ கண்டு அஞ்சுவது போல ஒருவகையும், பூக்களையோ பொம்மை முயலையோ கண்டு அஞ்சுவது போல மற்றொரு வகையும் உருவாக்கினர். இவற்றைப் பார்த்த குரங்குகள் பாம்புக்கும் முதலைக்கும் அஞ்சக் கற்றுக்கொண்டன. பூவுக்கும் முயலுக்கும் அஞ்சக் கற்கவில்லை. பாடம் நடத்தும் காட்சி ஒன்றே, ஆனால் ஒரு பாடம் ஏறியது, மற்றொன்று ஏறவில்லை. அச்சம் பிறவியில் இல்லை. எதற்கு அஞ்சக் கற்க முடியும் என்பதில் பிறவியின் பங்கு இருக்கிறது. 2013இல், பாம்பையே கண்டிராத யப்பானியக் குரங்குகளின் மூளையில் பாம்பின் படத்துக்கு விரைந்தும் வலுவாகவும் எதிர்வினை காட்டும் நரம்பணுக்கள் இருப்பது கண்டறியப்பட்டது.

குரலும் கையேந்தலும்

மக்காக்குக் குரங்குகளின் குரல் வகைகள் பெரும்பாலும் பிறவியில் அமைந்தவை. மைக்கேல் ஓவ்ரன், ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி முதலியோர் 1990களின் தொடக்கத்தில் ரீசஸ் குட்டிகளை யப்பானியக் குரங்குகளிடமும் யப்பானியக் குட்டிகளை ரீசஸ் குரங்குகளிடமும் மாற்றி வளர்த்து இதனை ஆராய்ந்தனர். குட்டிகள் வளர்ப்பினத்தின் மொழியைப் பேசவில்லை; பெரும்பாலும் தம் சொந்த இனத்தின் குரலையே எழுப்பின. காக்கை கூட்டில் வளர்ந்த குயில் கரையாமல் கூவுவதை இதனோடு ஒப்பிடலாம். ஆனால் வளர்ப்புத் தாய்கள் அக்குட்டிகளின் குரலைப் புரிந்துகொண்டன. குரலை எழுப்புவதைவிடப் பிறர் குரலுக்குப் பொருள் கொள்வதில் கற்றலின் பங்கு மிகுதி என்று இதிலிருந்து அறியலாம்.

இத்தொடரில் குல்லாய்க் குரங்கு ஒரு வியப்பான சான்றை அளித்தது. அத்வைத் தேஷ்பாண்டே, சிரீஜாதா குப்தா, அனிந்தியா சின்கா ஆகியோர் பந்திப்பூர் தேசியப் பூங்காவில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, குரங்குகள் மனிதரிடம் உணவு கேட்கும் முறையை விவரிக்கிறது. அவை மனிதரை நோக்கி "கூ" என்ற மெல்லிய குரல் எழுப்புகின்றன, உள்ளங்கையை நீட்டிக் கையேந்துகின்றன. கையில் உணவு இருப்பவரிடமே இதனை மிகுதியாகச் செய்கின்றன. அவர் தம்மைக் கவனிக்கிறாரா என்று பார்த்துக்கொள்கின்றன. உணவு கிடைத்ததும் நிறுத்திவிடுகின்றன. எனவே இது உணவைக் கண்டவுடன் தானாக எழும் எதிர்வினை அன்று, நோக்கத்தோடு செய்யப்படும் தொடர்பாடல் என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

"கூ" என்பது மக்காக்குக் குரங்குகளுக்குப் பொதுவான குரல் வகை. அதனை எந்தக் குரங்கும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிறவியில் கிடைத்த அக்குரலை வேறோர் இனத்திடம், அதுவும் மனிதரிடம், சோறு கேட்கப் பயன்படுத்துவதே புதியது. மனிதர் நடமாட்டம் இல்லாத காட்டில் இந்நடத்தைக்கு இடமே இல்லை. சின்கா 2005இல் எழுதிய மதிப்புரை ஒன்றில், இக்குரங்கின் பல நடத்தை மரபுகள் மரபணுக்களில் எழுதப்பட்டவை அல்ல என வாதிட்டார். யப்பானின் கோசிமாத் தீவில் 1953இல் இமோ என்ற இளம் மந்தி சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கழுவி உண்ணத் தொடங்கியதும், பின் அப்பழக்கம் கூட்டத்தில் பரவியதும் இத்தகைய மரபுக்குப் பழைய எடுத்துக்காட்டு.

இனத்தின் சுபாவம்

குல்லாய்க் குரங்கு ரீசசைவிடச் சாந்தமானது என்பது களப்பணியாளர்கள் பலரின் கருத்து. லெனார்ட் ரோசன்புளும், சார்லஸ் காஃப்மன் ஆகியோர் 1960களில் நியூயார்க்கில் குல்லாய்க் குரங்குகளையும் பன்றிவால் குரங்குகளையும் ஒரேவிதமான அடைப்புகளில் வளர்த்தனர். குல்லாய்க் குரங்குகள் ஒன்றோடொன்று ஒட்டி அமர்ந்தன. மற்றவை விலகியே இருந்தன. தாயை அகற்றியபோது பன்றிவால் குட்டிகள் சோர்ந்து சுருண்டன. குல்லாய்க் குட்டிகளைக் கூட்டத்தின் பிற மந்திகள் அரவணைத்துக்கொண்டன. சூழல் ஒன்றாக இருந்தும் இனங்கள் வேறுபட்டதால், இதனை இயல்பூக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

அதே ரோசன்புளும் 1984இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. குட்டிகளுடைய குல்லாய்த் தாய்களில் சிலவற்றுக்கு உணவு எப்போதும் எளிதாகக் கிடைத்தது, சிலவற்றுக்கு எப்போதும் முயன்று தேடவேண்டியிருந்தது, சிலவற்றுக்கு இவ்விரு நிலைகளும் முன்னறிய முடியாதபடி மாறிமாறி வந்தன. மூன்றாவது வகைத் தாய்களின் குட்டிகளே மிகுந்த பதற்றம் கொண்டவையாக வளர்ந்தன. உணவின் அளவைவிட அதன் நிச்சயமின்மையே கெடுதல் செய்தது.

சுபாவமும் கற்கப்படக்கூடும் என்பதை ஃபிரான்ஸ் டி வால் 1993இல் காட்டினார். சண்டைக்குப் பின் சமாதானமாவதில் பின்தங்கிய ரீசஸ் இளங்குரங்குகளை, அதில் தேர்ந்த தறிவால் குரங்குகளோடு ஐந்து மாதங்கள் தங்கவைத்தபோது ரீசஸ்களும் மிகுதியாகச் சமாதானம் செய்யத் தொடங்கின. பிரித்த பின்னும் அது தொடர்ந்தது.

கோயில் நகரங்களில் இதன் பொருள்

இவ்விவாதம் ஏட்டளவில் நிற்பதன்று. குரங்கு பறிப்பது அதன் பிறவிக் குணம் என்று கருதும் ஊர், குரங்குகளைப் பிடித்து வேறிடத்தில் விடுவதையே தீர்வாகக் காணும். அது கற்றது என்று கருதும் ஊர், யார் கற்பித்தார்கள் என்று பார்க்கும்.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவுகளில் பெருங்கூட்டம் நடக்கிறது. வாழைப்பழமும் பிஸ்கட்டும் குரங்குகளுக்கு ஏராளமாகக் கிடைக்கும். மற்ற நாட்களில் அவ்வளவு கிடைக்காது. ரோசன்புளும் ஆய்வை இந்நிலைக்கு நேரடியாகப் பொருத்துவது சரியன்று. மலையில் இலையும் காயும் இருக்கின்றன, அடைப்புக்குள் இல்லை. ஆனால் எதிர்பாராமல் கிடைக்கும் பரிசு பழக்கத்தை எளிதில் மறையவிடாது என்பது கற்றல் பற்றிய ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று. நூறு பைகளில் பத்துப் பையில் பழம் இருந்தாலே போதும், குரங்கு நூறு பைகளையும் சோதிக்கும்.

பயணிகள் அறிந்திருக்க வேண்டிய பிறவிக் கூறு ஒன்றும் உண்டு. மக்காக்குக் குரங்குகளில் கண்ணோடு கண் உற்றுநோக்குவது அச்சுறுத்தல் ஆகும். வாயைத் திறந்து முறைப்பதும் அவ்வாறே. பல் தெரியச் சிரிப்பது போன்ற முகம் மகிழ்ச்சியன்று. பெரும்பாலும் அச்சத்தையோ பணிவையோ காட்டுவது. குழந்தைகள் குரங்கை உற்றுப் பார்த்துச் சிரிக்கும்போது, குரங்கு அதனை வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறது. நெகிழிப்பையின் சரசரப்பு உணவைக் குறிக்கும் என்பதைக் குரங்கு கற்றிருக்கிறது. முறைப்பின் பொருளை அதற்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இடமாற்றம் செய்வதன் விளைவுகள் கலவையானவை. பிருந்தாவனத்தில் 1997இல் ஏறத்தாழ 600 ரீசஸ் குரங்குகள் பிடிக்கப்பட்டு வேறு இடங்களில் விடப்பட்டன. முழுக் கூட்டமாகப் பிடித்து, கூட்டமாகவே விட்டதால் அம்முயற்சி வெற்றியாகக் கருதப்பட்டது. தில்லியில் 2007 முதல் நீதிமன்ற ஆணையின்படி அசோலா சரணாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குரங்குகளுக்கு அரசே உணவளிக்க வேண்டியதாயிற்று. கூட்டத்தைச் சிதைத்து விட்டால் ஒவ்வொரு குரங்கும் தன் உறவையும் இடம் பற்றிய அறிவையும் இழக்கிறது. அதற்குத் தெரிந்த ஒரே உணவு மூலம் மனிதராக இருப்பின், அருகிலுள்ள சிற்றூரைத் தேடிச் செல்வதில் வியப்பில்லை. சிறுத்தையைக் கண்டு அஞ்ச அதற்குத் தெரியும். எந்தக் காய் எந்த மாதத்தில் பழுக்கும் என்பது தெரியாது. அதைத் தாயிடமிருந்தே கற்றிருக்க வேண்டும்.

இதற்கிடையே இவ்வினம் அருகிவருகிறது. எங்கும் காணப்படும் குரங்கு என்பதால் நெடுங்காலம் கவலைக்கிடமற்றதாக வகைப்படுத்தப்பட்டிருந்த குல்லாய்க் குரங்கு, இப்போது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக உள்ளது. மேவா சிங்கும் பிறரும் தென்னிந்தியாவில் நெடுங்காலம் நடத்திய கணக்கெடுப்புகளின் அடிப்படையில் 2017இல் வெளியான ஆய்வு, 25 ஆண்டுகளில் 65 விழுக்காட்டுக்கும் மேலான வீழ்ச்சியைப் பதிவு செய்தது. சாலை விரிவாக்கத்துக்காக ஆல், அத்தி முதலிய சாலையோர மரங்கள் வெட்டப்பட்டது இதற்கு ஒரு காரணம். வடக்கிலிருந்து ரீசஸ் குரங்குகள் பரவி இவற்றின் இடத்தைப் பிடித்துவருவதை 2011இல் வெளிவந்த ஆய்வு சுட்டியது.

சொல் பற்றிய சிக்கல்

"பிறவி நடத்தை" என்ற சொல்லே தெளிவற்றது என்ற கருத்தும் நிலவுகிறது. மத்தேயோ மமேலி, பாட்ரிக் பேட்சன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், அறிவியலாளர்கள் இச்சொல்லைப் பயன்படுத்தும் பொருள்களை ஆராய்ந்து 26 வரையறைகளைப் பட்டியலிட்டனர். பிறக்கும்போதே இருப்பது, கற்காமல் வருவது, இனம் முழுவதற்கும் பொதுவானது, இயற்கைத் தேர்வால் அமைந்தது ஆகியவை அவற்றுட் சில. இவை ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. பால்சுரப்பு போன்றவை பிறக்கும்போது இல்லை, ஆயினும் கற்கப்படுவதுமில்லை. சிறுத்தை அச்சம் கற்காமல் வருவது, ஆனால் அதற்குக் கண்பார்வை இயல்பாக வளர்ந்திருக்க வேண்டும். குல்லாய்க் குரங்கு பற்றி எழுதும்போது "இயல்பூக்கம்" என்று மட்டும் கூறாமல், எந்தக் குட்டி எதைக் காணாமல் வளர்ந்தது, பின் எதைச் செய்தது என்று குறிப்பிடுவதே இப்போது ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் முறையாகும்.